எனக்கும் சேர்த்து அம்மா கும்பிடுகிறாள்

எங்கள் குடும்பத்தில் சாமி கும்பிடாத ஆள் நான் ஒருவன்தான். அப்பா, அம்மா, இரண்டு அக்காமார், அத்தான்கள், என் மனைவி, பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள் எல்லோருக்கும் சாமி உண்டு. காலையில் குளித்ததும் நெற்றியில் திருநீறு, வெள்ளிக்கிழமை விளக்கு, கார்த்திகையில் மாலை, பங்குனி உத்திரத்துக்குக் குலசாமி சாஸ்தா கோயில். அம்பாசமுத்திரம் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பங்குனி உத்திரத்தன்று எங்கள் தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும். மும்பையில் இருப்பவனும் துபாயில் இருப்பவனும் லீவு போட்டுவிட்டு வந்து அவனவன் சாஸ்தா கோயில் வாசலில் அடுப்புக் கூட்டிக்கொண்டிருப்பான்.

நான் நாத்திகன் இல்லை. இதைச் சொன்னால் பலருக்கும் சட்டென்று பிடிபடுவதில்லை. கடவுள் இல்லை என்று சொல்பவரைத் தமிழ்நாட்டில் யாருக்கும் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டாம். 1925-இல் சுயமரியாதை இயக்கம் தொடங்கி நூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. கருப்புச் சட்டைக்காரரோடு எப்படி வாதாடுவது, எந்த இடத்தில் வாதத்தை நிறுத்திவிட்டு டீ சொல்வது என்பதெல்லாம் அப்பாவின் தலைமுறைக்கு நல்ல பழக்கம். 'இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ள வழி இருப்பதாகவும் படவில்லை' என்று சொல்கிறவனிடம் எப்படிப் பேசுவது என்றுதான் அவர்களுக்குத் தெரியவில்லை. சின்ன அத்தான் என்னை மதில்மேல் பூனை என்பார். நான் எந்தப் பக்கமும் குதிக்கக் காத்திருக்கவில்லை. யோசித்து யோசித்து வந்து சேர்ந்த இடமே இதுதான்.

எப்படி இப்படி ஆனாய் என்று கேட்பவர்கள், வாழ்க்கையில் ஏதோ பெரிய அடி விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. 'தெரியாது' என்பதை எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தவரே ஒரு சாமியாடிதான். என் பெரியப்பா.

எங்கள் சாஸ்தா கோயிலில் சுடலைமாடனுக்குப் பீடம் உண்டு. கொடை என்கிற கோயில் திருவிழா அன்றைக்கு நடுராத்திரி பெரியப்பாவுக்குச் சாமி வரும். பகலில் அவர் அதிர்ந்து பேசமாட்டார். கூட்டுறவு சொசைட்டியில் உரமூட்டை எடைபோடுகிற வேலை. கணியான் கூத்து ஆடுகிறவர்கள் மகுடம் என்கிற பறையை முறுக்கி அடிக்க ஆரம்பித்ததும் அவருடைய தோள்தான் முதலில் ஆடும். அப்புறம் கழுத்து. அப்புறம் ஆளே வேறு. தீப்பந்தத்தைப் பிடித்துக்கொண்டு சுடுகாட்டுக்கு வேட்டைக்கு ஓடுவார். அவர் போகிற தெருவில் கதவையெல்லாம் சாத்திவிடுவார்கள். யாரும் எதிரே வரக்கூடாது, எட்டிப் பார்க்கவும் கூடாது. ஆச்சி என் தலையைப் பிடித்துத் தன் மடியில் அமுக்கி வைத்திருப்பாள்.

பள்ளிக்கூடம் படிக்கிற வயதில் ஒருநாள், கொடை முடிந்த மறுநாள் காலையில், பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்து உள்ளங்காலில் ஏறியிருந்த முள்ளை ஊக்கால் நெம்பிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்டேன்.

"பெரியப்பா, சாமி வரும்போது உங்களுக்கு என்ன தெரியும்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுலே. மகுடச் சத்தம் கேக்கும். அப்புறம் மூஞ்சில தண்ணி அடிக்கும்போதுதான் தெரியும். நடுவுல என்ன நடந்துச்சுன்னு நீங்கதான் சொல்லணும்."

"அப்போ வந்தது சாமிதானா?"

முள்ளை எடுத்து வெயிலில் தூக்கிப் பார்த்தார். "எல்லாரும் சாமிங்காவ. நான் எப்படிலே சொல்ல முடியும்? நான்தான் அங்க இல்லையே."

ஊரே அவர் காலில் விழுந்து குறி கேட்கிறது. பெண்ணுக்கு எப்போது கல்யாணம் ஆகும், காணாமல்போன மாடு எந்தத் திசையில் நிற்கிறது என்றெல்லாம் கேட்கிறார்கள். அவரோ 'நான்தான் அங்க இல்லையே' என்கிறார். அதில் நடிப்பும் இல்லை, அலட்டலும் இல்லை. கடைசிவரை திருநீறு இல்லாமல் வெளியே இறங்காத மனிதர் அவர். இருந்தாலும் தனக்குத் தெரியாததைத் தெரியும் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

ரொம்ப வருடம் கழித்து ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் 129-ஆவது பாடலின் மொழிபெயர்ப்பைப் படித்தேன். இந்தப் படைப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டுக்கொண்டே போகிறது அந்தப் பாடல். உச்சி வானத்திலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பவனுக்குத் தெரிந்திருக்கும், ஒருவேளை அவனுக்கும் தெரியாதோ என்னவோ என்று முடிகிறது. படித்தபோது பெரியப்பாவின் குரல்தான் எனக்குக் கேட்டது. 'நம்ம மதத்துல இதுக்கெல்லாம் இடமில்ல மாப்ள' என்று அடிக்கடி சொல்லும் பெரிய அத்தானிடம் கொண்டுபோய்க் காட்டினேன். இடம் இருக்கிறது, நிறையவே இருக்கிறது. சாங்கியம் என்கிற பழைய தத்துவம் உலகம் உண்டான விதத்தைச் சொல்ல ஒரு கடவுளைக் கூப்பிடவில்லை. வேதத்தைத் தலைமேல் வைத்துக்கொண்டாடிய மீமாம்சகர்களுக்கும் படைத்தவன் ஒருவன் தேவைப்படவில்லை. அத்தான் வாங்கிப் படித்துவிட்டு, "சரி, ஆனா அவங்கள்லாம் ரிஷிங்க" என்றார். அதற்குமேல் நானும் பேசவில்லை.

எனக்குத் தொழில் மோட்டார் காயில் கட்டுவது. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன் முடித்து, கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு, ஊருக்கு வந்து சொந்தமாகக் கடை போட நினைத்தேன். அப்போதுதான் வீட்டில் முதல் பெரிய சண்டை வந்தது. என் ராசிக்கு ஏழரைச் சனி நடக்கிறது, தொழில் தொடங்கினால் கைக்காசெல்லாம் போகும் என்று ஜோசியர் சொல்லிவிட்டார். அப்பா அடுத்த பெயர்ச்சிவரை பொறு என்றார். அம்மா திருநள்ளாறு போய் நளதீர்த்தத்தில் குளித்துவிட்டு வந்தால் போதும் என்றாள்.

நான் ஒரு பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். சனி ஒரு சுற்றுச் சுற்றிவர ஏறக்குறைய 29½ வருடம். பன்னிரண்டு ராசிக்கும் பிரித்தால் ஒரு ராசிக்கு இரண்டரை வருடம். ஒருவருடைய ராசிக்கு முந்தின ராசி, அதே ராசி, அடுத்த ராசி மூன்றிலும் சனி இருக்கும் காலம்தான் ஏழரை. அப்படியானால் எந்த நேரத்தில் எடுத்தாலும் பன்னிரண்டில் மூன்று ராசிக்கு ஏழரைச் சனி நடந்துகொண்டேதான் இருக்கும். ஊரில் நாலில் ஒரு ராசிக்காரன் கடை போடக்கூடாது என்றால் எத்தனை ஷட்டரை இறக்க வேண்டியிருக்கும்? செவ்வாய் தோஷமும் இந்தக் கதைதான். லக்னத்திலிருந்து 2, 4, 7, 8, 12 என்று ஐந்து வீடுகளைச் சொல்கிறார்கள். பன்னிரண்டில் ஐந்து. இந்த ஐந்தைக் காட்டித்தான் சின்ன அக்காவுக்கு வந்த நல்ல வரன்களை ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பினார்கள். அந்த வருடங்களில் அவள் முகம் எப்படி இருந்தது என்பது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆற வேண்டும் என்றும் நினைக்கவில்லை.

கடையைப் போட்டேன். பாங்குக் கடன் பாதிதான் வந்தது. மீதிக்குப் பெரிய அக்கா கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாள். அடகு வைத்துத்தான் காயில் சுற்றும் மெஷினும் முதல் லோடு செம்புக் கம்பியும் வாங்கினேன். கடை ஓரளவு நிமிர்ந்ததும் வீட்டில் சாஸ்தாவுக்கு அபிஷேகம் செய்தார்கள். அன்று காலையில் சங்கிலியை மீட்டு அக்காவின் கையில் கொடுத்தேன். "எல்லாம் சாமி புண்ணியம்" என்றாள். "உன் சங்கிலி புண்ணியம்க்கா" என்றேன். அவளுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. சாமியைக் குறைத்துப் பேசுகிறேன் என்று நினைத்தாள். எனக்கு இது முக்கியம். நல்லது நடந்ததும் நன்றியெல்லாம் மேலே போய்விடுகிறது. பக்கத்தில் நின்று தோள் கொடுத்தவருக்கு அதில் எவ்வளவு சேர்கிறது? சாமி இருக்கிறதோ இல்லையோ, அக்கா இருக்கிறாள். அவள் கொடுத்தாள், நான் பார்த்தேன்.

என் நம்பிக்கையின்மை வளர்ந்ததில் தொழிலுக்கும் ஒரு பங்கு உண்டு. கருகிய மோட்டாரைப் பிரித்தால் எதனால் போனது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். காயில்களை இணைப்பதில் ஸ்டார், டெல்டா என்று இரண்டு விதம். ஸ்டார் கனெக்ஷன் மோட்டாரில் மூன்று ஃபேஸ் கரண்டில் ஒன்று போய் மீதி இரண்டில் ஓடியிருந்தால், இரண்டு ஃபேஸ் காயில்கள் கரியாகி, மூன்றாவது மட்டும் வார்னிஷ் பளபளப்பு குறையாமல் இருக்கும். டெல்டா என்றால் ஒரு ஃபேஸ் மட்டும் கருகி மற்ற இரண்டும் தப்பியிருக்கும். லோடு தாங்காமலோ வோல்டேஜ் பற்றாமலோ சூடேறிப் போயிருந்தால் சுற்றிலும் ஒரே சீராகக் கறுத்திருக்கும். தண்ணீர் இறங்கியிருந்தால் ஓரிடத்தில் மட்டும் செம்பு உருகிச் சின்ன மணியாக நிற்கும்.

பிசான நெற்பயிர் பொதி கட்டுகிற சமயத்தில் மோட்டார் போய்விட்டால் விவசாயி நொந்துபோய்த்தான் வருவார். வெள்ளிக்கிழமை பத்தரை மணி ராகு காலம் என்று அன்றைக்கு ஒருவரும் பார்ப்பதில்லை. "நேரம் சரியில்ல தம்பி. குலசாமிக்கு ஏதோ குறை வச்சிட்டோம்" என்பார்கள். உட்காரவைத்து, பிரித்த ஸ்டேட்டரை, காயில் கட்டியிருக்கிற கூட்டை, திருப்பிக் காட்டுவேன். இந்த இரண்டும் கரி, இந்த ஒன்று புதுசு, பார்த்தீர்களா? ஸ்டார்ட்டரில் ரிலே எப்படி இருக்கிறது? கொஞ்ச நேரம் தயங்கிவிட்டு, "அடிக்கடி விழுந்துக்கிட்டே இருந்துச்சு, டைரக்ட் பண்ணிட்டேன்" என்பார்கள். மோட்டாரைக் காக்கிற ரிலேயையே ஒதுக்கிவிட்டிருப்பார்கள். ஒரு ஃபேஸ் போனதும் மோட்டாரை நிறுத்திவிடுகிற சிங்கிள் ஃபேஸ் பிரிவென்டர் ஒன்று போடச் சொல்லி அனுப்புவேன். குலசாமிக்குப் பொங்கல் வைக்க வேண்டாம் என்று யாரிடமும் சொன்னதில்லை. பிரிவென்டரையும் போட்டுவிட்டுப் பொங்கல் வையுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

சில மோட்டாரில் காரணம் பிடிபடாது. எவ்வளவு பார்த்தாலும் ஒரு தடயமும் இருக்காது. அப்போது "தெரியலண்ணே" என்று சொல்லிவிடுவேன். தெரிந்த மாதிரிக் காட்டிக்கொண்டு எதையாவது மாற்றிக் கொடுத்தால் அதே மோட்டார் திரும்பி வரும். கடவுள் விஷயத்தில் நான் சொல்வதும் இவ்வளவுதான். பிரித்துப் பார்க்க முடிந்தவரை பார்த்தாயிற்று, ஒன்றும் பிடிபடவில்லை.

அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது வேறு மாதிரி. அங்கே என் தொழில் அறிவு ஒன்றுக்கும் உதவவில்லை. திருநெல்வேலியில் ஆஞ்சியோ எடுத்துப் பார்த்து மூன்று இடத்தில் அடைப்பு, பைபாஸ் செய்ய வேண்டும் என்றார்கள். செய்தியைக் கேட்டதும் அம்மா அழவில்லை. வீட்டுக்கு வந்து, ஒரு துண்டு வெள்ளைத் துணியை மஞ்சள் தண்ணீரில் நனைத்துப் பிழிந்தாள். ஈரம் காய்வதற்கு முன்னால் ஒற்றை ரூபாய்க் காசை அதில் வைத்து முடிந்தாள். முதல் முடிச்சை ரொம்ப இறுக்கிவிட்டாள் போல, பல்லால் கடித்து அவிழ்த்துவிட்டு மறுபடி லேசாக முடிந்தாள். கடன் கழிந்ததும் அவிழ்க்க வேண்டுமே என்றாள். திருச்செந்தூர் முருகன் படத்துக்கு முன்னால் அதை வைத்துவிட்டு எழுந்தபோது, வந்தபோது இருந்த முகம் அவளுக்கு இல்லை. கை நடுக்கம் நின்றிருந்தது. "சரி, என்னென்ன எடுத்து வைக்கணும்?" என்று கேட்டுக்கொண்டே பையை எடுத்தாள்.

இதை நான் வெறும் பழக்கம் என்று தள்ளிவிட மாட்டேன். அவளுடைய பயத்தை அந்தத் துணி வாங்கிக்கொண்டதை என் கண்ணால் பார்த்தேன். எனக்கு அப்படி ஒரு துணி இல்லை.

எனக்கு இருந்தது ஒரு நாற்பது பக்க நோட்டு. அப்பாவுக்கு ஓ நெகட்டிவ் ரத்தம். ஓ நெகட்டிவ்காரருக்கு ஓ நெகட்டிவ் மட்டும்தான் ஏற்ற முடியும், ஊரில் அது கிடைப்பது லேசில்லை. நோட்டில் பெயர் எழுதி எழுதிப் போன் போட்டேன். ஒரு லேத் பட்டறை முதலாளி வந்தார். என்னோடு ஐ.டி.ஐ. படித்தவன் தென்காசியிலிருந்து பைக்கில் வந்தான். யாரோ ஒரு கல்லூரிப் பையன், யார் சொல்லி வந்தான் என்றுகூடத் தெரியாது, கொடுத்துவிட்டு ஜூஸ் டப்பாவோடு வகுப்புக்கு நேரமாச்சு என்று ஓடினான். சின்ன அத்தான் காப்பீட்டுக் கவுண்டரில் நின்று ஒவ்வொரு தாளாக வாங்கிக் கொடுத்தார். டாக்டர் சொன்னதையெல்லாம் எழுதி, புரியாததைத் திரும்பக் கேட்டு எழுதினேன்.

ராத்திரி ஐ.சி.யு. வாசலில் அக்காமார் கவசம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வார்த்தையெல்லாம் எனக்கும் மனப்பாடம்தான், சின்ன வயதில் சஷ்டி ஆறு நாளும் சொன்னது. உதடு அதுவாகவே அசைய ஆரம்பித்தது. நான் நிறுத்திக்கொண்டேன். பயத்தில் சொன்னால் அது எனக்கு உண்மையாக இருக்காது. அன்று கைகூப்ப எனக்கும் ஓர் இடம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை. நம்பாதவனுக்குப் பயம் குறைவு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதே பயம்தான். இறக்கி வைக்கத்தான் இடமில்லை. அதனால் அடுத்து என்ன வேலை என்று தேடிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. வேலை எல்லாம் தீர்ந்துபோன விடியற்காலை மூன்று மணிக்கு, தென்காசிக்காரன் போகாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். ஒன்றும் பேசவில்லை. தன் காலில் நிற்பது என்று நான் சொல்லும்போது தனியாக நிற்பதைச் சொல்வதாகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அந்த ராத்திரி அவன் வேண்டியிருந்தது.

அப்பா பிழைத்தார். அவருக்கு முந்தின நாள் இதே ஆபரேஷன் ஆனவர், அடுத்த கட்டில்காரர், பிழைக்கவில்லை. அவருடைய வீட்டம்மாவும் வாசலில் எங்களோடுதான் இருந்தார். இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்திருந்தார். எங்கள் அம்மாவும் அவரும் ஒரே டப்பாவில் இட்லி சாப்பிட்டார்கள். அப்பாவை வார்டுக்கு மாற்றிய அதே காலையில் அந்தம்மாவின் அழுகை தாழ்வாரம் முழுக்கக் கேட்டது. அம்மா அவரைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக, "முருகன் நம்மளக் காப்பாத்திட்டான்யா" என்றாள்.

நான் எதுவும் சொல்லவில்லை. அந்தம்மாவின் மாரி ஏன் காப்பாற்றவில்லை என்று எங்கள் வீட்டில் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். விதி, முன்வினை, அவள் கணக்கு நமக்குப் புரியாது. எனக்கு எதுவும் ஒட்டவில்லை. அதே சமயம், பதில் கிடைக்கவில்லை என்பதாலேயே மேலே ஒன்றும் இல்லை என்று முடிவுகட்டவும் என்னால் முடியவில்லை. புறநானூற்றில் 194-ஆவது பாட்டு, பக்குடுக்கை நன்கணியார் பாடியது. ஒரு வீட்டில் சாவுப்பறை, இன்னொரு வீட்டில் மணமுழவு. 'படைத்தோன் மன்ற அப் பண்பிலாளன்' என்று படைத்தவனையே பண்பில்லாதவன் என்கிறார் அந்தப் புலவர். இந்த உலகம் கொடியது, இதன் இயல்பு தெரிந்தவர்கள் இதில் இனியதைக் காணட்டும் என்று முடிக்கிறார். படைத்தவன் ஒருவன் உண்டு என்றுதான் அவர் பாடுகிறார், அந்த அளவுக்கு எனக்கு உறுதி இல்லை. ஆனால் அந்தத் தாழ்வாரத்தில் நின்றவர் பாடியது போலவே இருக்கிறது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அம்மா சொன்னாள், நேர்ந்ததில் என் தலைமுடியும் சேர்த்தி என்று.

"என்னைக் கேக்காம என் முடியையாம்மா நேர்ந்தே?"

"உங்கப்பாவுக்குக் கேட்டுட்டா வலி வந்துச்சு?"

அக்காமார் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திருச்செந்தூர் போனேன். மொட்டை போட்டேன். அது முருகனுக்கு நான் செலுத்தியது இல்லை, அம்மா பட்ட கடனை நான் அடைத்தது. அதை அவளிடமே சொன்னேன். நம்புகிறேன் என்று பொய் சொல்லியிருந்தால் அவளுக்கு இன்னும் சந்தோஷமாக இருந்திருக்கும். அதை மட்டும் நான் செய்யமாட்டேன் என்று அவளுக்கும் தெரியும். சந்தனம் தடவிய தலையில் கடற்காற்று சுள்ளென்று பட்டது. அம்மா என் தலையைத் தடவிவிட்டு, "நீ கும்பிடாட்டி என்ன, உனக்கும் சேத்துத்தான நான் கும்பிடுதேன்" என்றாள். மஞ்சள் துணியை அவிழ்த்து அந்த ஒற்றை ரூபாயை உண்டியலில் போட்டாள்.

எதற்கு உடன்படுவது, எதற்கு மாட்டேன் என்பது என்று எனக்குள் ஒரு கோடு உண்டு. முடி, காதுகுத்து, பந்தி, அப்பாவைப் பெற்ற தாத்தாவுக்கு ஆடி அமாவாசைக்கு எள்ளும் தண்ணீரும் இதெல்லாம் சரி. என் மகளுக்குக் காது குத்தியது சாஸ்தா கோயிலில்தான், தாய்மாமன் மடியில் உட்கார்ந்து ஊரைக் கூட்டினாள். ஆனால் ஜாதகத்தைக் காட்டி ஒரு பெண்ணைக் கழிப்பதற்கும், தீட்டு என்று சொல்லி வீட்டுப் பெண்களை மூலையில் உட்காரவைப்பதற்கும், டாக்டர் சொன்னதைக் குறி கேட்டு மாற்றுவதற்கும் என் வீட்டில் இடமில்லை. இதில் மனைவி என் பக்கம். அவள் வெள்ளி தவறாமல் விளக்கேற்றுகிறவள், தன் சாமி இதையெல்லாம் கேட்காது என்கிறாள்.

ஆயுதபூஜைக்குக் கடைப் பையன்கள் பொரி, கடலை, சந்தனம் எல்லாம் வாங்கி மெஷினுக்குப் பொட்டு வைப்பார்கள். காசு நான் கொடுப்பேன், கூட நிற்பேன். பூசணிக்காயை மட்டும் ரோட்டில் உடைக்கக்கூடாது. அன்று ராத்திரி வழுக்கி விழுகிற பைக்காரர்களைப் பார்த்தவன் நான். கடைக்குப் பின்னால் உடைத்து அள்ளிப் போட்டுவிட வேண்டும்.

மக்கள்தொகைக் கணக்கெடுக்க 2011-இல் வந்த டீச்சர் மதம் என்ன என்று கேட்டபோது அப்பா எல்லோருக்கும் சேர்த்து 'இந்து' என்றார். நானும் மறுக்கவில்லை. அந்தக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் மதம் குறிப்பிடாதவர்கள் சுமார் 29 லட்சம் பேர், மொத்தத்தில் கால் சதவீதத்துக்கும் குறைவு. என்னைப் போல் வாசலில் பேசாமல் நின்றவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். சட்டத்துக்கும் என் நம்பிக்கையைப் பற்றிக் கவலையில்லை. 1955 இந்துத் திருமணச் சட்டமும் 1956 இந்து வாரிசுரிமைச் சட்டமும் நான் கும்பிட்டாலும் கும்பிடாவிட்டாலும் எனக்குப் பொருந்தும்.

மகள் ஒருநாள் சாப்பிடும்போது நேரடியாகவே கேட்டுவிட்டாள். "அப்பா, சாமி இருக்கா?"

"எனக்குத் தெரியாதும்மா. அம்மா இருக்குன்னு சொல்றா. ஆச்சியும் சொல்றா. நீ பெரியவளாகிப் பாத்துட்டு எனக்கும் சொல்லு."

"அப்போ நான் பரிட்சைக்குக் கும்பிடட்டுமா?"

"கும்பிடு. கும்பிட்டுட்டு அஞ்சாம் பாடத்தை இன்னொரு தடவை எழுதிப் பாத்துரு."

பெரியப்பா இறந்துவிட்டார். இப்போது அவர் மகனுக்கு, எனக்கு அண்ணன் முறை, சாமி வருகிறது. கொடைக் கமிட்டியில் கரண்டு வேலை என் பொறுப்பு. தலைக்கட்டு வரியையும் கொடுத்துவிட்டு இதையும் செய்கிறேன். பழைய காலத்தில் மூங்கிலில் வெறும் ஜாயின்ட் தொங்கும், ஈரத்தரையில் பிள்ளைகள் ஓடும், கேட்டால் சாமி பார்த்துக்கொள்ளும் என்பார்கள். 2022 ஏப்ரல் 27-ஆம் தேதி அதிகாலை தஞ்சாவூர் பக்கம் களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். அவர்களும் பக்தியோடு தேர் இழுத்தவர்கள்தான். அந்தச் செய்தி வந்த அன்று கமிட்டிக்காரர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினேன். அதிலிருந்து எங்கள் கோயிலில் கசிவு மின்சாரத்துக்கு டிரிப் ஆகிற பிரேக்கர் இல்லாமல் ஒரு பல்புகூட எரியாது. சப்பரத்தின் உயரத்தை டேப் பிடித்து அளக்காமல் தெருவில் இறக்குவதில்லை.

வருகிற கொடைக்கு மின்வாரியத்தில் மனு கொடுத்திருக்கிறேன், சப்பரம் கிளம்பி நிலைக்கு வரும்வரை அந்தப் பக்கத்து லைனை நிறுத்தி வைக்கச் சொல்லி. ஒரு வாரம் முன்னால் வந்து ஞாபகப்படுத்துங்கள் என்றார் உதவிப் பொறியாளர். ஜெனரேட்டர் வாடகையை அண்ணன் பேசிக்கொண்டிருக்கிறார். எர்த் அடிக்க இரண்டு இடம் பார்த்து வைத்திருக்கிறேன். சுடலைமாடன் பீடத்துக்குப் பின்னால் மண் எப்போதும் ஈரமாக இருக்கிறது, எர்த்துக்கு அதுதான் நல்லது. அங்கே குழி தோண்டலாமா என்று அண்ணனிடம் கேட்க வேண்டும்.